பெப்புவுக்குப் போகாதவர்

ஜப்பானின் தெற்கே இருக்கும் கியூஷு தீவை நான் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே ரொறன்ரோவில் இருந்துகொண்டு விற்கத் தொடங்கிவிட்டேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. டண்டாஸ் தெருவின் மேற்குப் பகுதியில், ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சிறிய பயண முகவர் நிலையத்தில் எனக்குத் தட்டெழுதும் வேலை கிடைத்தது. காலையில் டோர்செட் பார்க்கில் எங்கள் அடுக்குமாடிக்கு முன்னால் பஸ் ஏறி, வோர்டன் ஸ்டேஷனில் சப்வே பிடித்து, மறுபடி ஒரு ஸ்ட்ரீட்காரில் ஏறி அங்கே போவேன். படியில் ஏறும்போதே கீழேயிருந்து கார்னேஷன் பூக்களின் வாசம் வரும்.

முதலாளி ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண். பெற்றோர் ஜப்பானியர். அவர் பிறந்தது பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடற்கரையில். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஜப்பானியர் என்பதற்காகவே, அவருடைய தகப்பனின் மீன்பிடிப் படகையும் வீட்டையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டு, குடும்பத்தை மலைகளுக்கு நடுவே ஒரு முகாமுக்கு அனுப்பியது. போர் முடிந்தபின் கிழக்கே வந்தவர்களில் அவரும் ஒருவர். இதையெல்லாம் அவர் நேற்றுப் பெய்த மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். பெற்றோரின் ஊர் கியூஷுவில் உள்ள பெப்பு. வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர் போன நகரம். ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் அந்தப் பக்கத்துக்கு ஒரு சுற்றுலாக் குழுவை அழைத்துப் போவதுதான் அவருடைய வியாபாரத்தின் உயிர்.

அந்தச் சுற்றுலாவுக்கு அவர் எழுதி வைத்திருந்த விளம்பரம் மிகவும் வறட்சியாக இருந்தது. ஆங்கிலத்தைக் கொஞ்சம் திருத்திக் கொடு என்று என்னிடம் தந்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறை மேசையில் வைத்தேன். வேலை முடிந்து வந்த என் கணவர் தேநீர்க் கோப்பையுடன் அதை எடுத்து வாசித்தார்.

அவர் யாழ்ப்பாணத்தில் பூமிசாஸ்திர ஆசிரியராக இருந்தவர். ரொறன்ரோவில் அந்தப் படிப்புக்கு யாரும் கதவு திறக்கவில்லை. கம்பளக் கிடங்கு ஒன்றில் சுருள்களைத் தூக்கி அடுக்கும் வேலை செய்தார். வந்த இரண்டாவது குளிர்காலத்திலேயே முதுகின் அடியில் நாரி பிடித்துக்கொண்டது. காலையில் கட்டிலில் இருந்து எழும்பும்போது முதலில் ஒரு பக்கம் சரிந்து, கையை ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு எழும்புவார். நான் பார்ப்பது தெரிந்தால் பாட்டு முணுமுணுப்பார்.

"உது என்ன, நீராவி வருதெண்டு மட்டும் எழுதியிருக்கு," என்றார் அன்று. "ஏன் வருதெண்டு சொல்லவேண்டாமே?"

பிறகு விளம்பரத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் கியூஷுவை வரைந்தார். பார்க்காமல், ஒரே கோட்டில். அந்தத் தீவைப் பல வருடங்களாகக் கரும்பலகையில் வரைந்த கை அது. நடுவில் அசோ எரிமலையை ஒரு பெரிய வட்டமாகப் போட்டார். உலகத்தின் பெரிய எரிமலை வாய்களில் ஒன்று, அந்த வாய்க்குள்ளேயே ஊர்களும் வயல்களும் ரயில் பாதையும் இருக்கின்றன, மனிதர்கள் ஒரு எரிமலையின் வாய்க்குள் நெல் விதைத்துக்கொண்டு நிம்மதியாக வாழ்கிறார்கள் என்றார். பெப்புவில் மழைநீர் நிலத்துக்குள் இறங்கி, கீழே சூட்டில் கொதித்து, பல காலம் கழித்துத் திரும்பி மேலே வருகிறது, இன்றைக்கு நீங்கள் குளிக்கும் தண்ணீர் உங்கள் பாட்டன் பிறப்பதற்கு முன்பு பெய்த மழையாக இருக்கலாம் என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். தேநீர் ஆறிப்போனது. அப்படி அவர் பேசிக் கேட்டு வெகு காலமாகியிருந்தது.

அந்த விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்களில் சிலர் மேசை முன்னால் நின்று, பாட்டன் பிறப்பதற்கு முன்பு பெய்த மழை என்ற வரியைச் சத்தமாக வாசித்துக் காட்டினார்கள். யார் எழுதியது என்று முதலாளி கேட்டார். சொன்னேன். அப்படியானால் அவர் ஒரு முறையாவது அதைப் பார்க்க வேண்டும் என்றார்.

நான் அதை மரியாதைப் பேச்சு என்று நினைத்தேன். ஆனால் அடுத்த வருடம் பயணிகள் வழக்கத்தைவிட அதிகமாகச் சேர்ந்ததால் விமான நிறுவனம் சில இருக்கைகளை இலவசமாகத் தந்தது. குழுவோடு உதவிக்கு நான் வரவேண்டும், கூட என் கணவரும் வரலாம் என்றார் முதலாளி.

என் கணவர் கிடங்கில் லீவு கேட்டு வாங்கினார். அசோவின் உச்சியில் குளிரும் என்று சாம்பல் நிறத்தில் தடித்த ஸ்வெட்டர் ஒன்று வாங்கினார். பெரிய நூல் நிலையத்துக்குப் போய்ப் படங்கள் பார்த்து வந்தார். வெந்நீர்க் குளியலைப் பற்றி மட்டும் அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது.

"எல்லாத்தையும் உரிஞ்சுபோட்டே இறங்கவேணும்?"

ஆம்பிளைகளுக்கு வேறு, பொம்பிளைகளுக்கு வேறு என்று சொன்னேன். அது எனக்கும் தெரியும், மற்ற ஆம்பிளைகளுக்கு முன்னால்தானே வெட்கம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, நாரிக்கு நல்லதெண்டால் வெட்கத்தைப் பார்க்கேலாது என்று தானே முடிவு சொன்னார். எங்களிடம் இருந்த ஒரே பெரிய சூட்கேஸைக் கூடத்தில் திறந்து வைத்து, வேலையால் வந்து தினமும் ஏதாவது ஒன்றை அதற்குள் வைப்பார்.

புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு, ஒரு சனிக்கிழமை காலையில் தந்தி வந்தது. அவருடைய தகப்பனார் இறந்துவிட்டார்.

நின்றபடியே வாசித்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சூட்கேஸுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தார். நாரி நோவோடு அவர் தரையில் இருப்பதேயில்லை. நானும் பக்கத்தில் போய் இருந்தேன்.

நானும் உங்களோடு வாறன் என்றேன்.

"நீர் வந்து என்ன செய்யிறது? நான் போய்ச் சேரேக்கை எல்லாம் முடிஞ்சிருக்கும்," என்றார். "உந்தச் சனம் உம்மை நம்பி வெளிக்கிடுது. நீர் போட்டு வாரும்."

நான் மறுத்தேன். முதலாளிக்கு இடுப்பில் பிரச்சினை, படி ஏற முடியாது, வயதானவர்கள் அடங்கிய குழு, இப்போது வேறு ஆள் பிடிக்க முடியாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நான் சொல்லித்தான் தெரியும். அதையெல்லாம் அவரே எனக்குத் திருப்பிச் சொன்னார். பிறகு சூட்கேஸில் இருந்து தன் உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். ஸ்வெட்டரை மட்டும் எடுக்கவில்லை. மேலே குளிரும், நீர் போடும் என்றார்.

அவர் லண்டன் வழியாகக் கொழும்புக்குப் போனார். நான் அடுத்த சில நாட்களில் வன்கூவர் வழியாகத் தோக்கியோவுக்குப் போனேன். ஒரே வீட்டில் இருந்து புறப்பட்டு ஒருவர் கிழக்கேயும் ஒருவர் மேற்கேயும் போனோம்.

தோக்கியோவில் விமானம் மாறி, ஓய்த்தா விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஹொவர்கிராஃப்ட்டில் பெப்புவுக்குப் போனோம். அது படகும் இல்லை, பஸ்ஸும் இல்லை. அடியில் பாவாடை மாதிரித் தொங்கிய கருப்பு ரப்பர் காற்றால் ஊதிப் பெருக, நிலத்தில் இருந்து எழும்பி அப்படியே சாய்ந்து சறுக்கிக் கடலுக்கு மேல் ஓடியது. குழுவில் இருந்த பாட்டிமார் கைப்பைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அந்த நேரம் யாழ்ப்பாணத்து வீட்டில் என்ன நடக்கும் என்றே ஓடியது. எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்திருக்குமா, அதற்கு முன் இவர் போய்ச் சேர்ந்திருப்பாரா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எதிரே மலைச் சரிவில் ஒரு நகரம் முழுக்க வெள்ளைப் புகை எழும்புவது தெரிந்தது. முதலில் நெருப்புப் பற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன். கிட்டப் போனபோது அது வீட்டுக் கூரைகளுக்கு இடையில் இருந்தும் தெருவோரக் கழிவுநீர்க் கான்களில் இருந்தும் வரும் நீராவி. குழந்தை ஒன்று அந்தக் கான் மூடியின் மேல் நின்று கால்களைச் சூடாக்கிக்கொண்டு நின்றது.

நாங்கள் தங்கிய சத்திரத்தின் பின்புறத்தில் கற்களால் கட்டிய அடுப்புகள் இருந்தன. நெருப்பு இல்லாத அடுப்புகள். நிலத்துக்குள் இருந்து வரும் ஆவியைக் குழாயால் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். மூங்கில் தட்டில் முட்டை, பூசணி, முட்டைக்கோவா, சர்க்கரைவள்ளியான வத்தாளங்கிழங்கு எல்லாம் வைத்து மூடிவிட்டுப் போனால் சிறிது நேரத்தில் அவிந்துவிடும். வத்தாளங்கிழங்கின் தோலை உரித்தபோது உள்ளே மஞ்சளாக, லேசான உப்புச் சுவையோடு இருந்தது. கந்தக மணம் கொஞ்சம் ஏறியிருந்தது. நான் இரண்டு கிழங்கு சாப்பிட்டேன். மூன்றாவதை எடுக்கும்போது, செத்தவீட்டுக்காரி இப்படிச் சாப்பிடலாமா என்று கை தயங்கியது. ஆனாலும் எடுத்தேன். பசித்தது.

இரவுச் சாப்பாட்டில் கோதுமை மாவைக் கையால் இழுத்துத் தட்டையாக்கிப் போட்ட ஒரு கெட்டியான சூப் தந்தார்கள். அதற்குள் காளானும் கிழங்கும் கரட்டும். பக்கத்தில் பச்சைத் தேசிக்காய் மாதிரி ஒரு காயைப் பாதியாக வெட்டி வைத்திருந்தார்கள். தேசிக்காயைவிட மணம் கூடியது. முதலாளி அதைத் தன் கிண்ணத்தில் பிழிந்து, கண்ணை மூடி மணந்தார். அம்மா முகாமில் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பாள் என்றார்.

மறுநாள் 'நரகங்கள்' பார்க்கப் போனோம். ஜப்பானியர் அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். குளிக்க முடியாத அளவுக்குச் சூடான குளங்கள். ஒன்று நீலம், கடல் மாதிரி. ஒன்று செங்கல் நிறத்தில், இரத்தம் கலந்த மாதிரி. ஒன்றில் சாம்பல் சேறு குமிழி விட்டு, வெடித்து, மறுபடி குமிழி விட்டது. நீலக் குளத்தில் கூடை நிறைய முட்டைகளைக் கம்பில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி அவித்து விற்றார்கள். குழுவில் எல்லாருக்கும் விளக்கம் சொன்னது நான்தான். மழைநீர் இறங்கிக் கொதித்துத் திரும்பி வருவதைச் சொன்னேன். இவருடைய வசனங்கள் என் வாயில் வந்துகொண்டிருந்தன. அந்த இடத்தில் நின்று அதைச் சொல்லவேண்டியவர்தான் அங்கே இல்லை.

பிற்பகல் ஒரு பழைய கோயிலுக்குப் போனோம். மேப்பிள் மரங்கள் சிவந்து நின்றன. வாசலிலேயே நான் நின்றுவிட்டேன். மாமனார் செத்த துடக்கு எனக்கு இருந்தது. முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி கழியும்வரை கோயிலுக்குள் போகக் கூடாது. அது எங்கள் கோயில் இல்லைத்தான், ஆனாலும் கால் வரவில்லை. இடுப்பு நோவால் முதலாளியும் படி ஏறாமல் என்னோடு கீழேயே கல்லில் இருந்தார். ஏன் போகவில்லை என்று கேட்டதற்குக் காரணத்தைச் சொன்னேன். எங்களுக்கும் அப்படித்தான், சாவு நடந்த வீட்டுக்காரர் கொஞ்ச காலம் சில இடங்களுக்குப் போவதில்லை என்றார். பிறகு என் கணவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். தெரியாது என்றேன். அது உண்மை. எந்தச் செய்தியும் வரவில்லை.

அன்று சாயந்தரம் முதலாளி என்னை வெந்நீர்க் குளியலுக்குக் கூட்டிப்போனார். முதல் நாள் நான் அறையில் இருந்த சின்னத் தொட்டியோடு தப்பித்துக்கொண்டேன். இன்றைக்கு விடமாட்டேன் என்றார். உடுப்புகளைக் கூடையில் வைத்துவிட்டு, சின்ன மரப் பலகையில் குந்தி, உடம்பைத் தேய்த்துக் கழுவியபிறகுதான் குளத்தில் இறங்கவேண்டும். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது யாரும் என்னைப் பார்க்கவில்லை. மடிப்பு மடிப்பான வயிறுகளும் தொங்கிய முலைகளும் சத்திர சிகிச்சைத் தழும்புகளுமாகக் கிழவிகள் தண்ணீருக்குள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். முதலாளியின் இடுப்பிலும் நீளமான ஒரு தழும்பு இருந்தது.

தண்ணீர் முதலில் சுட்டது. பிறகு சுடவில்லை. கழுத்துவரை இறங்கி இருந்தேன். யாழ்ப்பாணத்தில் சாவு நடந்த வீட்டில் எல்லாரும் முழுகியிருப்பார்கள், நான் இங்கே முழுகுகிறேன் என்று நினைத்தேன். அப்போதுதான் மாமனாருக்காக அழுதேன். வெந்நீர் ஆவியில் அது யாருக்கும் தெரிந்திருக்காது. சத்திரத்துப் பணிப்பெண் காலையில் தன்னிடம், நீங்கள் ஜப்பானிய மொழி எங்கே படித்தீர்கள், வெளிநாட்டுக்காரி என்றாலும் நன்றாகப் பேசுகிறீர்கள் என்று பாராட்டியதாக முதலாளி சொன்னார். சொல்லிவிட்டுத் துண்டைத் தலையில் மடித்து வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தண்ணீரை விட்டு எழும்ப மனமில்லாமல் இருந்தோம்.

அசோவுக்குக் கடைசி நாள் போனோம். இவருடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன். கை நீளம், விரல்களை மூடியது. பஸ் அந்தப் பெரிய வட்டத்துக்குள் இறங்கி, அறுவடை முடிந்த வயல்களுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஓடியபோது, அவர் பென்சிலால் போட்ட கோட்டுக்குள் போவதுபோல இருந்தது. ஆனால் உச்சிக்குப் போகவிடவில்லை. நச்சு வாயு கூடிவிட்டது என்று பாதையைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். தூரத்தில் வெள்ளைப் புகை மட்டும் தெரிந்தது. குழுவில் எல்லாருக்கும் ஏமாற்றம். எனக்கு மட்டும் ஏனோ மனம் ஆறியது. அவர் பார்க்காததை நானும் பார்க்கவில்லை.

நான் ரொறன்ரோவுக்குத் திரும்பிச் சில வாரங்கள் கழித்து அவர் வந்தார். மெலிந்திருந்தார். மொட்டையடித்த தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. விமான நிலையத்தில் நான் எதிரில் நின்றும் ஒரு நொடி என்னைத் தாண்டிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து சோறு போட்டுக் கொடுத்தேன். அங்கே எல்லாரும் எப்படி என்று கேட்டதற்கு, இருக்கினம் என்றார். பிறகு, அங்கை சாப்பாடு ஒத்துக்கொண்டதே என்று என்னைக் கேட்டார். ஓம் என்றேன். தொடர்ந்து சொல்ல வாய் எடுத்தேன். அவர் கையைக் கழுவ எழுந்துபோனார். தகப்பனைப் பறிகொடுத்து வந்த மனிதனிடம் வெந்நீர்க் குளத்தைப் பற்றியும் அவித்த கிழங்கைப் பற்றியும் எப்படிப் பேசுவது? கொஞ்ச நாள் போகட்டும் என்று விட்டேன்.

பெப்புவில் வெந்நீர் ஊற்றின் உப்பைப் பொடியாக்கிப் பொட்டலத்தில் விற்பார்கள். அவருடைய நாரிக்கு என்று வாங்கி வந்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியல் தொட்டியைச் சூடான தண்ணீரால் நிரப்பி அதைக் கரைத்தேன். வீடெல்லாம் கூழ்முட்டை நாற்றம். கட்டடத்தைப் பராமரிப்பவர் வந்து கதவைத் தட்டி, கழிவுக் குழாய் ஏதும் உடைந்துவிட்டதா என்று கேட்டார். நான் கதவில் நின்று சமாளித்தேன். உள்ளே அவர் தொட்டிக்குள் கிடந்தார். எங்கள் தொட்டி கட்டை. அவர் உயரமானவர். நாரி தண்ணீருக்குள் போனால் முழங்கால்கள் இரண்டும் வெளியே நின்றன. கால்களை நீட்டினால் முதுகு வெளியே வந்தது. தண்ணீர் வேகமாக ஆறியது. நான் கேத்திலில் சுடவைத்துக் கொண்டுபோய் ஊற்றினேன்.

"சுகமாயிருக்கே?" என்று கேட்டேன்.

"ஓம். நல்லாயிருக்கு," என்றார், குளிரில் மயிர்க்கூச்செறிந்த முழங்கால்களோடு.

மிச்சப் பொட்டலங்களை அவர் கேட்கவில்லை. குளியலறை அலமாரியில் ஈரத்தில் கட்டிபட்டுப் போயின.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அடுத்த சுற்றுலாவுக்கான தொலைபேசி அழைப்புகள் வந்தன. சனிக்கிழமைகளில் முதலாளி அவற்றை எங்கள் வீட்டுக்குத் திருப்பிவிடுவார். நான் சமையலறையில் நின்று, முகம் தெரியாத ஆட்களுக்கு ஹொவர்கிராஃப்ட்டைப் பற்றியும், மணலுக்குள் கழுத்துவரை புதைத்து வியர்க்க வைக்கும் குளியலைப் பற்றியும், மரப் பலகையில் குந்திக் கழுவுவதைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருப்பேன். இவர் கூடத்தில் ஹொக்கி பார்த்துக்கொண்டிருப்பார். முதலாளி தன் படச் சுருளைப் போட்டுக் காட்டிய நாளில் அவரையும் கூப்பிட்டேன். வேலை இருக்கு என்றார்.

வசந்தம் பிறக்கும் சமயத்தில், வோபர்னில் இருந்த ஒரு சென்னைக்காரர் வீட்டில் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் போனோம். அந்தக் காலத்தில் ஸ்காபரோவில் தமிழ்க் குடும்பங்கள் எண்ணக்கூடிய அளவுதான். யாழ்ப்பாணம், சென்னை என்று பார்க்காமல் யார் வீட்டில் சாம்பார் வைத்தாலும் எல்லாரும் போவோம். சென்னைக்காரர் பொறியியலாளர். அலுவலக வேலையாக அவர் ஜப்பானுக்குப் போகவிருந்தார். நான் அவருடைய மனைவியோடு சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் அவர் என் கணவரிடம் கேட்டது காதில் விழுந்தது.

"நீங்க ரெண்டு பேரும் ஜப்பான் போய்ட்டு வந்தீங்களாமே? எப்படி இருந்தது?"

யாரோ தவறாகச் சொல்லியிருக்க வேண்டும். இல்லை, அவள் மட்டும்தான் போனாள் என்று இவர் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"ஓம், போனனாங்கள்," என்றார்.

பிறகு சொல்லத் தொடங்கினார். விமான நிலையத்தில் இருந்து கடலுக்கு மேலால் போனது. தூரத்தில் பார்க்க ஊர் தீப்பிடித்த மாதிரிப் புகைந்தது. கான் மூடிகளில் இருந்து ஆவி வந்தது. முட்டையைக் கூடையோடு நீலக் குளத்துக்குள் இறக்கி அவித்தது. ஒவ்வொன்றும் நான் தொலைபேசியில் சொன்னதுதான். ஆனால் என் வாயில் வந்ததைவிட அழகாக வந்தது. கூடத்தில் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் அப்பளத் தட்டோடு வாசலில் போய் நின்றேன். ஆண்கள் குளிக்கும் இடத்தில் ஒரு கிழவர், ஈரத் துண்டை எப்படி மடித்துத் தலையில் வைப்பது என்று தனக்குச் சைகையால் காட்டினார் என்றார். அந்தக் கிழவர் எங்கிருந்து வந்தார் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் அசோவின் உச்சியைச் சொன்னார். விளிம்பில் நின்று குனிந்து பார்த்ததையும், கீழே பச்சை நிறத் தண்ணீர் கொதித்ததையும், காற்று மாறியபோது புகை முகத்தில் அடித்துக் கண் எரிந்ததையும் சொன்னார். சொல்லும்போது கையால் அந்த வட்டத்தை வரைந்தார்.

என்னை அவர் பார்த்தார். பார்த்துவிட்டும் நிறுத்தவில்லை.

"குடுத்து வச்சவங்க நீங்க," என்றாள் சென்னைக்காரரின் மனைவி என் பின்னால் நின்று. நான் தட்டை மேசையில் வைத்தேன்.

திரும்பும்போது மார்க்கம் ரோட்டில் பனி உருகிச் சேறாக ஓடியது. காரை அவர் ஓட்டினார். நான்தான் கேட்டேன்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

அவர் காரின் வேகத்தைக் குறைத்தார். "நீர் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை," என்றார்.

"நீங்கள் கேக்கேல்லையே."

"நான் என்னெண்டு கேக்கிறது? நான் உதைக் கேட்டால் நீர் செத்தவீட்டைப் பற்றிக் கேப்பீர்." சிவப்பு விளக்கில் கார் நின்றது. "நான் போகேக்கை வீட்டைக் கழுவி முடிச்சிட்டினம். அப்பாவின்ரை சாய்மனைக் கதிரையையும் ஆரோ கொண்டு போட்டினம். நான் அங்கை ஒண்டும் பாக்கேல்லை. உமக்குச் சொல்ல என்னட்டை என்ன இருக்கு?"

மாதக்கணக்காக நான் அவருடைய துக்கத்தைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவரோ நான் அந்தச் சாவைப் பற்றிக் கேட்டுவிடாதபடி தன்னைக் காத்துக்கொண்டிருந்தார். பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் ஒருவன் ஹோன் அடித்தான்.

"இப்ப சொல்லும்," என்றார். "முதல்லையிருந்து சொல்லும்."

நான் சொல்லத் தொடங்கினேன். மலைச் சரிவில் ஆவி எழும்பும் நகரம் என்றேன். மழைநீர் நிலத்துக்குள் இறங்கி என்றேன். பாதியில் எனக்கே கேட்டது. அவை அவர் சமையலறை மேசையில் சொல்லி நான் தட்டெழுதிய வசனங்கள். ஒரு குளிர்காலம் முழுக்கத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி, நான் பார்த்த பெப்புவும் அந்த விளம்பரமும் ஒன்றாகிவிட்டிருந்தன. கிழங்கின் உப்புச் சுவையை, குளத்தில் நான் அழுததை, கோயில் வாசல் கல்லின் குளிரைச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். தேடினேன். வந்த அன்று சொல்லியிருந்தால் அவை தானாக வந்திருக்கும். இப்போது ஒவ்வொன்றுக்கும் சொல் பொறுக்க வேண்டியிருந்தது, பொறுக்கிய சொற்களும் பொய் மாதிரிக் கேட்டன. நான் தடுமாறி நின்ற இடத்தில் அவரே அடுத்த வரியை மெதுவாக எடுத்துக் கொடுத்தார். வீடு வந்து சேர்ந்துவிட்டது.

அதன் பிறகு ஒரு தடவை, இலையுதிர்காலச் சுற்றுலாவுக்கு இரண்டு இருக்கைகள் இருக்கின்றன என்று முதலாளி மறுபடி கேட்டார். அப்போது நாங்கள் வோபர்னில் சின்ன வீடு ஒன்று வாங்கியிருந்தோம். நிலவறைக்குச் சுவர் அடித்து முடிக்கவேணும், வாற வருஷம் போவம் என்றார் இவர். நானும் சரி என்றேன். நியாயமான காரணமாகத்தான் தெரிந்தது. அடுத்த வருடம் முதலாளியின் இடுப்பு முற்றாக வழங்காமல் போனது. அவர் பயண நிலையத்தை மூடிவிட்டு வன்கூவரில் தங்கையிடம் போய்விட்டார். எனக்கு வங்கியில் வேலை கிடைத்தது. இவருடைய நாரிக்கு இரண்டு தடவை சத்திர சிகிச்சை செய்தார்கள். நீண்ட நேரம் விமானத்தில் இருக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

நிலவறைச் சுவர் மட்டும் நன்றாக அமைந்தது. அவர் அதைத் தன் கையாலேயே அடித்து முடித்தார்.